கோபாலுக்கு இன்னும் வேலை இருக்கிறதா

சிலிம் ரிவர் ஒட்டுக்கடையில்
நான் கோபாலோடு வேலை செய்கிறேன் என்றால்
எந்தக் கோபால் என்பார்கள்.
ஆலையில் பாய்லர் பார்க்கிறானே, அவனா?
ஆள் இல்லை, மொழி.
கணினிக்கு வேலை சொல்லும் மொழி.
வயசு?
அறுபத்தைந்து தாண்டியாச்சு.
பென்சன் கொடுத்து அனுப்ப வேண்டியதுதானே
என்பார் காதர் மைதீன், தேநீரை இழுத்தபடி.

ஷா ஆலத்திலிருந்து வந்த திரு. லியூவும்
அதையேதான் கேட்டார்,
சுவரில் நாற்பது படம் காட்டி.
கடைசிப் படத்தில் ஒரு மேகம்.
இனிமேல் கணக்கெல்லாம் அங்கேதான் என்றார்.
சன்னலுக்கு வெளியே வேறொரு மேகம்
செம்பனை உச்சியில் உட்கார்ந்திருந்தது.
மழை நாளுக்கு உங்கள் மேகம்
எத்தனை பேர் போடும் என்று கேட்டேன்.
அவருக்கு விளங்கவில்லை.

இந்தத் தோட்டத்தில்
பேர் என்றால் ஒரு நாள் கூலி.
பதினோரு மணிக்கு முன் மழை பிடித்தால் அரைப் பேர்.
அது எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை,
நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியில் இருக்கிறது.
எழுதியவர் ஜி.பி., எண்பத்தொன்றில்.
முழுப்பெயர் யாருக்கும் தெரியாது.
பதினேழு வருடமாக
கறுப்புத் திரையின் பச்சை எழுத்துகளில்
அவரோடு சண்டை போடுகிறேன்:
ஐயா, இங்கிருந்து ஏன் அங்கே தாவுகிறீர்,
கூட்டியதை எதற்கு மறுபடி கூட்டுகிறீர்.
பதில் வராது.
சம்பளம் மட்டும் வரும், ஒரு காசு பிசகாமல்.

பெயருக்கு இருபது கட்டம் விட்டிருக்கிறார்.
திருநாவுக்கரசு, இன்னார் மகன்
என்று முடிப்பதற்குள் கட்டம் தீர்ந்துபோகும்.
நாற்பது வருடம் அந்த மனிதர்
அப்பன் பெயர் இல்லாமலே கூலி வாங்கினார்.

இருந்தாலும்
கோபாலை விட்டுக்கொடுக்காமல் ஓர் அறிக்கை எழுத
ஓரிரவு உட்கார்ந்தேன்.
பெருமையாகச் சொல்ல ஒரு வரி தேடியபோது
கையில் பட்டது பிடித்தம் நாற்பத்தேழு.
தண்ணீர். ஒரு வெள்ளி நாற்பது காசு.

எந்தத் தண்ணீர்?
மூன்றாம் பிரிவு லயத்துத் தொட்டிக்கு, என்றது குறிப்பு.
லயத்தை இடித்து இருபத்தாறு வருடமாகிறது.
தொட்டி இருந்த இடத்தில் உரக்கிடங்கு.
போன மாதம் காட்மாண்டுவிலிருந்து வந்து இறங்கியவனும்
இல்லாத தொட்டியில் குடித்த தண்ணீருக்கு
இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறான்.
ஒரு காசு பிசகாமல்.

திரு. லியூவுக்குப் போன் போட்டேன்.
உங்கள் மேகத்தில் நாற்பத்தேழு என்ன ஆகும்?
கவலையே வேண்டாம் என்றார்,
எல்லாவற்றையும் அப்படியே மாற்றிக் கொடுத்துவிடுவோம்.

கோபாலில் ஒரு வழக்கம் உண்டு.
வரியின் ஏழாம் கட்டத்தில் நட்சத்திரம் வைத்தால்
வரி ஊமையாகிவிடும்.
அழியாது, அங்கேயேதான் கிடக்கும்,
இயந்திரம் அதைக் காதில் வாங்காமல்
கடந்து போகும்.
அந்த ஒரு நட்சத்திரத்துக்கு நாலு கடிதம் எழுதினேன்.
நாலாவதில் மேலாளர் கையெழுத்துப் போட்டார்,
படித்த மாதிரித் தெரியவில்லை.
ஜி.பி. 81 என்பதன் கீழே
என் இரண்டு எழுத்தையும் சேர்த்து வைத்தேன்.

சம்பளத்துக்கு மறுநாள் காலை
தில் பகதூர் குருங் சம்பளச் சீட்டோடு வந்து நின்றான்.
ஒரு வெள்ளி நாற்பது கூட விழுந்திருக்கிறது
என்றான் மலாயில்,
திருப்பிக் கேட்பார்களோ என்ற முகத்தோடு.
இல்லை, உன்னுடையதுதான் என்றேன்.
போவான் என்று பார்த்தேன். போகவில்லை.
அப்படியென்றால் இதுவரை பிடித்தது?

தகரக் கூரையில் மழை பிடித்தது.
மணி பத்து ஐம்பது.
இன்றைக்கு அவனுக்கு அரைப் பேர்,
அதைக் கோபால் பார்த்துக்கொள்வான்.
கேட்ட கேள்விக்கு ஜி.பி. வரி எழுதவில்லை.
ஏழாம் கட்டத்தைக் காலியாக விட்டு
எட்டாவதில் விரலை வைத்தேன்.